கோதுமை சேராத பிள்ளைக்கும் பீட்சா

எமது திருகோணமலையின் சீனன்குடாவில் பிரிமா மா ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கியது. இன்று எமது வீடுகளில் பாண், ரொட்டியில் மட்டுமன்றி, பிட்டிலும் தோசையிலும்கூடக் கோதுமை மா கலக்கிறோம். ஆனால் சீலியாக் நோயுள்ள பிள்ளைக்குக் கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் சிறிதளவும் ஆகாது. அது சிறுகுடலைப் பாதிக்கும். சந்தேகமிருப்பின் வைத்தியரிடம் காட்டுவோம். பரிசோதனை முடியுமுன் கோதுமையை நிறுத்தினால் நோய் புலப்படாது போகலாம்.

நோய் உறுதியானபின், பிள்ளை ஆசைப்படும் பீட்சாவை வீட்டிலேயே செய்யலாம். மாவைப் பிணைத்து உப்பச் செய்வது குளுட்டன். அவ்வேலையை இங்கே உழுந்து செய்யும். மூன்று பங்கு பச்சரிசியையும் ஒரு பங்கு உழுந்தையும் ஊறவைத்து அரைத்து, இரவு முழுவதும் புளிக்க விடுவோம். காலையில் உப்பிட்டு, தோசைக்கல்லில் தடிப்பாக வார்த்து, மூடி, இளஞ்சூட்டில் வேகவைத்துத் திருப்புவோம். மேலே தக்காளி, வெங்காயம், பொரித்த மீன், துருவிய சீஸ் இட்டு, சீஸ் உருகும்வரை மூடுவோம்.

கோதுமை ரொட்டி சுடும் கல்லை இதற்குப் பாவித்தலாகாது. பெருங்காயத்தூளிலும் சோயா சோஸிலும் கோதுமை சேர்ந்திருக்கலாம், கவனிப்போம்.

பிள்ளைக்கெனத் தனியே சுடாது, வீட்டார் யாவரும் இதையே உண்போம். பிள்ளை தன்னை வேறாக எண்ணாது. தவறுதலாகக் கோதுமை கலக்கும் ஆபத்தும் குறையும்.