நுண்ணுயிரியல் தனிப்பயிற்சி

நுண்ணுயிரியல் தனிப்பயிற்சி என்பது பாக்டீரியா, வைரசு, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களைப் பற்றிய பாடத்தை வகுப்புக்கு வெளியே ஓர் ஆசிரியரிடம் தனியே கற்பதாகும். பேச்சுவழக்கில் இது டியூஷன் எனப்படுகிறது.

தேவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் இப்பாடத்தைப் படிக்கின்றனர். செவிலியர் படிப்பிலும் இப்பாடம் உண்டு. பள்ளியில் தமிழ்வழியில் பயின்றோர்க்கு ஆங்கிலக் கலைச்சொற்களே முதல் தடை. நுண்ணுயிர்க்கொல்லி, வளர்ப்பு ஊடகம் என்று அறிந்தவை கல்லூரியில் ஆன்டிபயாட்டிக், கல்ச்சர் மீடியம் என வருகின்றன. இரு மொழியிலும் விளக்கக்கூடியவர் இவர்களுக்கு ஏற்றவர்.

ஆசிரியரைத் தெரிவு செய்தல்

நுண்ணுயிரியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள், ஆய்வு மாணவர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் ஆகியோரை அணுகலாம். பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதை 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு தடை செய்கிறது.

கட்டணம் பேசுமுன் ஒரு மாதிரி வகுப்பு கேட்பது நல்லது. அதில் கிராம் சாயமேற்றலை விளக்கச் சொல்லலாம். படிக ஊதா, அயோடின், ஆல்ககால், சாஃப்ரனின் என்னும் வரிசையை மட்டும் ஒப்பித்தால் அது மனப்பாடம். தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவர் கொண்ட பாக்டீரியா ஊதா நிறத்தைத் தக்கவைக்கும். மெல்லிய சுவருடையது அதை இழந்து இளஞ்சிவப்பாகும். இக்காரணத்தையும் சொல்பவரே பாடம் புரியவைப்பவர்.

வரம்பு

தனிப்பயிற்சி ஆய்வகத்துக்கு ஈடாகாது. வளர்ப்பு ஊடகங்களை 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் நுண்ணுயிர் நீக்கம் செய்ய அழுத்தக் கலன் வேண்டும். நோய்க்கிருமிகளை வீட்டில் வளர்ப்பது ஆபத்தானது. எனவே கல்லூரிச் செய்முறை வகுப்பைத் தவறவிடலாகாது.