கேட்பவர் கையில் கணினி வளம்

பண்டிகைக் காலத்தில் ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு வாங்க முயன்ற அனுபவம், பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு உண்டு. குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் முன்பதிவு தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் எண்ணற்றோர் ஒரே வாயிலைத் தட்டுகின்றனர். சற்று நேரத்தில் நெருக்கடி தணிந்துவிடுகிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளிலும், வருமான வரிக் கணக்குச் செலுத்தும் கடைசி நாளிலும் இதே நிலைதான்.

இத்தகைய பணிகளை நடத்தும் நிறுவனம் எத்தனை சர்வர்களை வைத்திருக்க வேண்டும்? உச்ச நேரத்தை எண்ணி வாங்கினால், மற்ற நாட்களில் அவை வாளா கிடக்கும். சாதாரண நாளை எண்ணி வாங்கினால், வேண்டிய பொழுதில் வாயில் அடைபடும். இந்த இக்கட்டைத் தீர்க்க வந்த ஏற்பாட்டைப் பற்றியும், அதனை நம்புவதற்கு வேண்டிய காப்புகளைப் பற்றியும் இங்கே காண்போம்.

முன்னாளில் ஒரு பிரிவுக்குப் புதிய சர்வர் வேண்டுமானால், விண்ணப்பம் எழுதி, மேலதிகாரிகளின் ஒப்புதல் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரி, இயந்திரம் வந்த பின் அதனைச் சட்டத்தில் பொருத்தி, கம்பி இணைத்து, மென்பொருள் ஏற்றுவர். இதற்கு வாரங்கள் ஆகும். மாதங்கள் ஆவதும் உண்டு. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பகுத்துத் தரும் நுட்பம் பரவியதும் நிலைமை மாறிற்று. 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் சேவையைத் தொடங்கியது. அமெரிக்க தேசியத் தர நிர்ணயத் தொழில்நுட்பக் கழகம் 2011ஆம் ஆண்டில் மேகக் கணிமைக்கு இலக்கணம் வகுத்தபோது, அதன் ஐந்து இயல்புகளுள் முதலாவதாக வைத்தது சுயசேவையைத்தான். அதாவது, வேண்டுபவர் வேறொருவரின் உதவியை நாடாமல், வேண்டியபோது தாமே வளத்தைப் பெற்றுக்கொள்ளுதல்.

ஆயினும் எல்லா வளத்தையும் வெளியில் வாடகைக்குப் பெறுவது எல்லா நிறுவனங்களுக்கும் ஏற்றதன்று. சில தரவுகள் தம் கட்டடத்தை விட்டு வெளியேறலாகாது என ஒரு நிறுவனம் கருதலாம். சில தரவுகளுக்குச் சட்டமே எல்லை வகுக்கலாம். பணப் பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலுள்ள அமைப்புகளில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை இதற்கு ஒரு சான்று. ஆதலின் பல நிறுவனங்கள் சொந்தத் தரவு மையத்தையும் பொது மேகத்தையும் சேர்த்தே ஆள்கின்றன. சொந்தக் கிணறும் வைத்துக்கொண்டு, ஏரி வாய்க்காலிலும் பங்கு பெறும் உழவரின் நிலை இது. இதற்குக் கலப்பு மேகம் என்று பெயர். நமது அரசுத் துறைகளுக்கும் இவ்விரு வழிகளும் உண்டு. 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மேகராஜ் திட்டத்தின் கீழ், தேசிய தகவலியல் மையம் தன் தரவு மையங்களிலிருந்து மேகச் சேவை வழங்குகிறது. தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் அம்மையங்கள் உள்ளன. மத்திய மின்னணு அமைச்சகத்தின் ஒப்புதல் பெற்ற தனியார் மேகங்களையும் துறைகள் பயன்படுத்தலாம்.

இரு நீர்நிலைகளிலிருந்தும் கேட்டவுடன் தண்ணீர் பாய வேண்டுமானால், மடையைத் திறக்கும் வேலை தானே நடைபெற வேண்டும். அது நடைபெறும் விதத்தைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சேவைப் பட்டியல் தயாராகிறது. சிறிய சர்வர், பெரிய சர்வர், தரவுத்தளம், சேமிப்பிடம் என அதில் வகைகள் இருக்கும். பணியாளர் தம் அடையாளத்தைக் காட்டி உள்நுழைந்து, வேண்டியதைத் தேர்கிறார். உடனே நிரல் சில வினாக்களை எழுப்புகிறது. இவர் இதனைக் கேட்கும் உரிமை உடையவரா? இவருடைய பிரிவுக்கு ஒதுக்கிய அளவில் மீதம் உள்ளதா? இதில் வைக்கப்போகும் தரவு எவ்வகையைச் சார்ந்தது? எத்தனை நாளுக்கு வேண்டும்? விடைகளைக் கொண்டு, சொந்த மையத்தில் அமைப்பதா பொது மேகத்தில் அமைப்பதா என்பது முடிவாகிறது. செலவு வரம்பைத் தாண்டினால் மட்டும் கோரிக்கை ஓர் அதிகாரியின் பார்வைக்குச் செல்கிறது.

அடுத்தது ஆக்கும் வேலை. ஒவ்வொரு மேகமும், பிற நிரல்கள் தனக்கு ஆணையிடுவதற்காக ஏ.பி.ஐ. எனும் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் மொழியும் வேறு. இவ்வேறுபாட்டைச் சமாளிக்க, வேண்டிய அமைப்பை ஒரு கோப்பில் வரைபடம்போல் எழுதிவைத்து, அந்தந்த மேகத்துக்கு ஏற்ற ஆணைகளாக மாற்றும் கருவிகள் தோன்றின. ஹாஷிகார்ப் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட டெர்ராஃபார்ம் அவற்றுள் ஒன்று. இருக்க வேண்டிய நிலையையும் இருக்கும் நிலையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் சரிசெய்வது இக்கருவியின் இயல்பு. ஆதலின் ஒரே கோப்பை மறுமுறை இயக்கினாலும் இரண்டாவது சர்வர் முளைப்பதில்லை. சர்வர் உருவானதும் வலைப்பின்னல் முகவரி, தீச்சுவர், காப்புநகல், கண்காணிப்பு ஆகிய ஏற்பாடுகள் வரிசையாக நிறைவேறிப் பதிவேட்டிலும் இடம்பெறுகின்றன. வாரக்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களில் முடிகிறது.

விரைவு மட்டுமே இதன் பயன் என்று கருதலாகாது. மனிதக் கை மறப்பதை இம்முறை மறப்பதில்லை. 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள், நைட் கேபிடல் எனும் அமெரிக்கப் பங்குவணிக நிறுவனத்தில் நேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றிய தொழில்நுட்பர் எட்டாவதை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. அந்த ஒரு சர்வரில் உறங்கிய பழைய நிரல் விழித்தெழுந்து, ஏறத்தாழ 45 நிமிடங்களில் கணக்கற்ற ஆணைகளை அனுப்பிற்று. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

அப்படியானால் அனைத்தையும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கண்ணயரலாமா? அதுவும் இயலாது. 2017 பிப்ரவரி 28ஆம் நாள், அமேசானின் வர்ஜீனியா தரவு மையத் தொகுதியில் சில சர்வர்களை மட்டும் விலக்க முயன்ற ஒருவர், ஆணையில் ஒரு மதிப்பைத் தவறாக இட்டார். கருவி தயங்காமல் மிகப் பல சர்வர்களை விலக்கிவிட்டது. அச்சேமிப்புச் சேவையை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் ஏறத்தாழ நான்கு மணிநேரம் இடருற்றன. பின்னர் அந்நிறுவனம் தன் கருவியை மாற்றியமைத்தது. சர்வர்களை மெதுவாகவே விலக்குமாறும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விலக்க மறுக்குமாறும் அதற்கு விதி எழுதப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். தன்னியக்கம் மனிதரின் பொறுப்பை நீக்குவதில்லை. அப்பொறுப்பை முன்கூட்டியே நிறைவேற்றச் சொல்கிறது. முன்பு ஒவ்வொரு விண்ணப்பத்தின் மீதும் யோசித்தோம்; இன்று விதியை எழுதும்போதே யோசிக்க வேண்டும். கையால் செய்த தவறு பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். விதியில் புகுந்த தவறு, விதி செல்லும் இடமெல்லாம் செல்லும்.

ஆகவே எந்த சர்வரைத் தந்தாலும் மூன்று குறிப்புகள் அதனுடன் இருத்தல் வேண்டும். இன்னாருக்கு உரியது என்பது ஒன்று. இவ்வளவுக்கு மேல் இல்லை என்பது இரண்டு. இந்நாளில் திரும்பப் பெறப்படும் என்பது மூன்று. மூன்றாவதைத்தான் பலர் மறக்கின்றனர். சோதனைக்கென வாங்கி மறந்த சர்வர், பொது மேகத்தில் மணிதோறும் வாடகையை ஏற்றும். சொந்த மையத்தில் மின்சாரத்தை உண்ணும். அதைவிடக் கேடு, பாதுகாப்புத் திருத்தம் காணாத அச்சர்வர் திருடருக்குத் திறந்த கதவாகிவிடுதல்.

இதற்கு அஞ்சி, சுயசேவையே வேண்டாமென்று தடுப்பதும் அறிவுடைமையாகாது. முறையான வாயில் தாமதித்தால், பணியாளர் தம் சொந்தக் கடனட்டையால் வெளிமேகத்தில் இடம்பிடித்து வேலையை முடித்துக்கொள்வர். அங்கே சென்ற குடிமக்களின் தரவு எங்கே இருக்கிறது என்பதை நிறுவனமே அறியாது.

பெங்களூரு, ஐதராபாத், புனே, நொய்டா ஆகிய நகரங்களில் இத்தொழிலில் ஈடுபட்டுள்ள தமிழர் பலர். இத்தன்னியக்கம் நம் பிழைப்பைப் பறித்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு எழுவது இயல்பே. திருகாணி முடுக்கும் வேலையும், படிவத்தைப் பார்த்து ஆணைகளைத் தட்டச்சிடும் வேலையும் குறையும் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் எந்தத் தரவு எங்கே இருக்கலாம், எவருக்கு எவ்வளவு தரலாம், ஒரு படி தவறினால் எதனைத் திரும்பப் பெறுவது என்று நுணுகி ஆராய்ந்து விதி வகுப்பவருக்கு வேலை பெருகும். மடையைக் கையால் திறந்தவர், இனி நீர்ப்பங்கீட்டின் முறையை எழுதுபவராக உயர வேண்டும். அதற்கான பயிற்சியைத் தம் பணியாளருக்கு அளிப்பது நிறுவனங்களின் கடமை. கிடைத்த பயிற்சியை நழுவவிடாமல் கற்பது நமது கடமை.