வாய்க்கால் ஓரத்துச் சேம்பு: இதெல்லாம் தெரியுமா?

காரைக்கால் விழிதியூர் பக்கம் வாய்க்கால் ஓரமாகப் போகிறீர்களா? யானைக்காது மாதிரி இலை விரித்து நிற்கும் சேம்பின்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாய் உருண்டு ஓடிவிடும், இலை நனையவே நனையாது! இலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் இருப்பதுதான் காரணம். தாமரை இலையின் வித்தையும் இதேதான். நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு இந்தச் சேம்பு இனம்தான். அதன் கதை இன்னும் அதிசயம்!

அது வேரே இல்லை, தெரியுமா?
மண்ணுக்குள் பருத்த தண்டு அது. நடுவில் தாய்க்கிழங்கு, அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சேய்க்கிழங்குகள். கடையில் நாம் பொறுக்கி எடுக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் எல்லாம் அந்தப் பிள்ளைகள்தான்!

வயது தெரியுமா?
பப்புவா நியூ கினியில் கூக் என்ற சதுப்பு நிலம். அங்கே கிடைத்த சுமார் 10,000 ஆண்டுப் பழைய கற்கருவிகளில் சேப்பங்கிழங்கின் மாவுத் துகள்கள் ஒட்டியிருந்தன! 2008இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ஹவாய்க்காரர்களுக்கு இது அண்ணன்!
அவர்களின் தொன்மக் கதையில், இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது இந்தச் செடி. அடுத்துப் பிறந்த தம்பிதான் மனிதகுலத்தின் மூதாதை. அண்ணன் சோறு போடுகிறான், தம்பி அண்ணனைப் பராமரிக்கிறான். கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கி, ‘போய்’ என்று பெயரிட்டு இன்றும் உண்கிறார்கள்.

காரைக்காலிலிருந்து கப்பலேறியவர்கள் நினைவிருக்கிறதா?
19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கடல் கடந்தார்கள். அவர்கள் போய் இறங்கிய மார்த்தினிக் தீவிலும் சேப்பங்கிழங்கு உண்டு. அங்கே அதன் பெயர் ‘தாஷின்’!

உருளையைவிட எதில் உசத்தி?
100 கிராம் பச்சைக் கிழங்கில் நார்ச்சத்து சுமார் 4 கிராம். உருளைக்கிழங்கில் இருப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு! பொட்டாசியமோ சுமார் 590 மில்லிகிராம், வாழைப்பழத்தைவிட அதிகம். இதன் மாவுத் துகள்கள் மிக மிக நுண்ணியவை, அதனால் எளிதில் செரிக்கும். மாவுச்சத்து 26 கிராம் வரை இருப்பதால் சர்க்கரை உள்ளவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும்.

நாக்கு ஏன் அரிக்கிறது?
கிழங்குக்குள் ஊசி ஊசியாய்க் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்! அரைவேக்காட்டில் தின்றால் தொண்டையைக் குத்தும். நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மோர்க்குழம்பில் போடும் நம் வழக்கத்தில் எவ்வளவு அறிவு பாருங்கள்! தயிரின் கால்சியம், கரைந்திருக்கும் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பில் அது அதிகம் சேர்வதில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தானாக முளைத்ததைத் தோண்டிச் சமைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கென்று பயிரிட்டதே நல்லது.

மொறுமொறு வறுவலின் ரகசியம் தெரியுமா?
தோலோடு வேகவையுங்கள். ஆறியதும் ஒரு முனையைக் கிள்ளி அழுத்தினால் கிழங்கு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உடனே வதக்கினால் கொழகொழப்புதான்! ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். பிறகு வில்லையாய் நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம், ஒரு கரண்டி அரிசிமாவு போட்டுப் பிரட்டி, எண்ணெயில் நிதானமாக முறுகவிடுங்கள். வெளியே நொறுங்கும், உள்ளே வெண்ணெயாய்க் கரையும்!

குஜராத்தில் இலையையும் விடுவதில்லை. புளியும் வெல்லமும் சேர்த்த கடலைமாவைத் தடவி, சுருட்டி, ஆவியில் வேகவைத்துப் ‘பாத்ரா’ செய்கிறார்கள்.

மண் ஒட்டிய இந்தச் சின்னக் கிழங்கைக் கூடையில் பார்த்தால் இனி ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். அரைக் கிலோ வாங்குங்கள். பாதி மோர்க்குழம்புக்கு, பாதி வறுவலுக்கு. பத்தாயிரம் வருஷத்து அண்ணன் நம் வீட்டு இலையிலும் வந்து உட்காரட்டும்!