உங்களுக்குத் தெரியுமா? பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை

வளைகாப்புக்குப் பரிசு வாங்கலாம் என்று குழந்தைகள் துணிக்கடைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் கேள்வி, "பையனாக்கா, பொண்ணா?" அலமாரியும் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது: இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் ரோஸ். "இன்னும் பொறக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தத் தகவல்கள்.

◆ கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது நம் நாட்டில் குற்றம். அதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. டாக்டர் வாயால் சொன்னால் மட்டுமல்ல, சைகையால் காட்டினாலும் குற்றம்தான். முதல் தடவை சிக்கினாலே 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஸ்கேன் சென்டரில் தொங்கும் அறிவிப்புப் பலகை இந்தச் சட்டம் சொல்லி வைத்ததே. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் இது. இதற்குச் சற்று முன்பு, 1992-ல், பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது என்றால் அன்றைய நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆக, நம் ஊர் வளைகாப்புக்கு வாங்கும் பிள்ளைத் துணி இருபாலருக்கும் பொதுவாக இருப்பதே பொருத்தம்.

◆ ரோஸ் பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்பது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று பலரும் நினைக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் தலைகீழாகவும் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஓர் அமெரிக்கப் பத்திரிகை 1918 ஜூனில், ரோஸ் அழுத்தமான நிறம், அதனால் பையன்களுக்கு ஏற்றது, நீலம் மென்மையானது, பெண் குழந்தைகளுக்கு அழகு என்று எழுதியது. 1927-ல் 'டைம்' பத்திரிகை பெரிய கடைகளின் வழக்கத்தைத் தொகுத்து வெளியிட்டது. கடைக்குக் கடை பதில் மாறியது. பாஸ்டன், சிகாகோ போன்ற நகரங்களின் பெரிய கடைகள் பையன்களுக்கு ரோஸைத்தான் சிபாரிசு செய்தன. இன்றைய பிரிவினை அங்கே வேரூன்றியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

1980-களில் அது இன்னும் முற்றியது. இந்த வரலாற்றைப் புத்தகமாக எழுதிய ஜோ பாவ்லெட்டி என்ற ஆய்வாளர் காட்டும் காரணங்களில் ஒன்று ஸ்கேன். முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் தொட்டில், விரிப்பு, சட்டை எல்லாவற்றையும் அந்தந்த நிறத்தில் வாங்கத் தொடங்கினார்கள். ரோஸில் எல்லாம் வாங்கிய வீட்டில் அடுத்தது பையன் என்றால் மறுபடியும் கடைக்குப் போகவேண்டும். லாபம் யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. அக்கா சட்டை தம்பிக்கு வந்தால் குடும்பத்துக்கு மிச்சம்.

◆ அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டரை வயதில், 1884-ல், எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. நீளமான தலைமுடி, வெள்ளைக் கவுன். அன்றைக்கு அங்கே ஆண் பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் அதுவே உடை. வெள்ளைத் துணியை வெளுத்துக் கறை நீக்குவது சுலபம் என்பதும் ஒரு காரணம்.

◆ நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது புதுத்துணி அல்ல. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன தாத்தாவின் வேட்டியோ பாட்டியின் நூல் சேலையோதான். அதற்குப் பிறகு வருகிற அரைஞாண் கயிறு, கருப்பு வளையல், வசம்புக் காப்பு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு எதிலும் ஆண் பெண் பேதம் கிடையாது. பொதுவான உடை என்பது நமக்குப் புதிதல்ல.

◆ பிள்ளை பிறக்கும் முன் அதற்குத் துணி வாங்கக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. யூதர்களில் பலரும் இதே வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டு வளைகாப்புக்கு ஃபீடிங் நைட்டி இரண்டு கொடுங்கள். பிரசவம் ஆன வாரமே அது தேவைப்படும். சட்டையைத் தொட்டில் போடும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

◆ கேக்கை வெட்டி, உள்ளே தெரியும் நிறத்தை வைத்துக் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விழாவை 2008-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஜென்னா கார்வுனிடிஸ். தான் தொடங்கி வைத்தது இப்படி வளர்ந்துவிட்டதே என்று 2019-ல் அவரே பகிரங்கமாக வருத்தப்பட்டார். அன்று ரோஸ் கேக்கில் அறிவிக்கப்பட்ட அவருடைய மகள் கோட்டு சூட்டை விரும்பி அணிகிறவளாக வளர்ந்திருந்தாள். 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவில் இப்படி ஒரு விழாவுக்குக் கொளுத்திய புகைவாணம் காட்டுத் தீயாகி, 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

◆ பின்லாந்து அரசு 1938 முதல் கர்ப்பிணிகளுக்குப் பிள்ளைப் பெட்டி கொடுத்து வருகிறது. முதலில் ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும். 1949 முதல் எல்லோருக்கும். உள்ளே இருக்கும் துணிகளின் நிறமும் டிசைனும் இருபாலருக்கும் பொதுவானவை. காலியான அட்டைப் பெட்டியில் சின்ன மெத்தையை விரித்தால் குழந்தைக்கு அதுவே முதல் படுக்கை. பெட்டி வேண்டுமென்றால் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பரிசோதனைக்கு வரவழைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

◆ தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு 2015-ல் வழங்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள்: துண்டு, சட்டை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் உட்பட.

◆ பிரிட்டனின் ஜான் லூயிஸ் கடை 2017-ல் தன் சொந்தத் தயாரிப்புக் குழந்தை உடைகளில் 'ஆண்', 'பெண்' லேபிளை எடுத்துவிட்டது.

◆ இனி கடையில் கவனிக்க வேண்டியது. பிறந்த அளவில் வாங்காதீர்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தையின் எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மும்மடங்காகும். வருகிறவர்கள் எல்லோரும் பொடிச் சட்டையே கொடுத்தால் பாதியை உடுத்தாமலே பீரோவில் வைக்க வேண்டியிருக்கும். ஆறு மாத அளவு எடுங்கள். அப்போது என்ன பருவம் என்பதையும் கணக்குப் போடுங்கள். டிசம்பரில் பிறக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது ஜூன் வெயில். கையில்லாத மெல்லிய பனியன் துணி போதும்.

தோள்பட்டையைப் பாருங்கள். சில பனியன் சட்டைகளில் முன் துணியும் பின் துணியும் தோளில் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து நிற்கும். அழகுக்காகச் செய்தது அல்ல அது. நாப்கின் கசிந்து சட்டை முழுக்க ஆகிவிட்டால், தலை வழியாகக் கழற்றி முகத்தில் பூசாமல், கழுத்தை அகட்டிக் கால் வழியாக உருவிவிடலாம். ஒரே பையில் இரண்டு சட்டை வாங்குவதானால் இந்த மாதிரியை எடுங்கள். பிறந்த அளவில் ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்றால், தொப்புள் கொடி விழும்வரை போடுவதற்கு முன்பக்கம் திறந்து பக்கவாட்டில் நாடா கட்டும் ஜப்லாவே சௌகரியம்.

பிறகு சட்டையை உள்பக்கம் திருப்பி உங்கள் கழுத்தில் ஒரு முறை தேயுங்கள். தையல் உறுத்துகிறதா, லேபிள் குத்துகிறதா என்று உடனே தெரியும். ஜரிகை, மணி, ஒட்டிய கல், தளர்ந்த பட்டன் எதுவும் வேண்டாம். எல்லாம் வாய்க்குத்தான் போகும். ஓகோ-டெக்ஸ் 100 என்ற முத்திரை இருந்தால், துணியில் தீங்கான ரசாயனங்களுக்குச் சோதனை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது, மிகக் கண்டிப்பானது. எந்த முத்திரை இருந்தாலும் துவைத்துத்தான் போட வேண்டும்.

◆ நிறமா? மஞ்சள், இளம்பச்சை, ஆரஞ்சு, வெள்ளை எதுவும் நன்றாக இருக்கும். ரோஸ் பிடித்தால் ரோஸே எடுங்கள், யாருக்கும் பொருந்தும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதிலும் கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடு முதலில் கண்ணில் படும்.

◆ கடைசியாக ஒரு வேண்டுகோள். விலைச் சீட்டைக் கிழித்தாலும் பில்லைப் பைக்குள் வைத்துக் கொடுங்கள். அளவு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ள அந்தத் தாய்க்கு உதவும்.