வெள்ளத்தில் மூழ்கிய காரா? வாங்குமுன் பாருங்கள்!

பெரிய கார் பாதி விலைக்குக் கிடைக்கிறதா? அவசரப்படாதீர்கள்!

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. சென்னை கே.கே. நகரிலும் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு முறையும் நகரில் ஏராளமான கார்கள் மூழ்கின.

அந்தக் கார்கள் என்ன ஆகும்?

பழுது பார்க்கும் செலவு, இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது "முழு நஷ்டம்". அப்படிப்பட்ட கார்கள் ஏலத்துக்குப் போவது உண்டு. சில, மெருகு ஏறி மறுபடி விற்பனைக்கு வரும்.

என்ன கெடும்?

பெரிய காரில் மின்சாரக் கருவிகள் அதிகம். இருக்கைக்கு அடியிலும் வயர்கள் ஓடுகின்றன. நனைந்த இணைப்பு உடனே கெடாது. பல மாதம் கழித்துப் பச்சை பூத்துக் கெடும்.

என்ஜினில் தண்ணீர் புகுந்தபோது சாவியைத் திருப்பி இருந்தால், உள்ளே தண்டு வளைந்து இருக்கலாம். என்ஜினையே பிரிக்க வேண்டும்.

பழைய காரின் விலைதான் குறையும். உதிரி பாகத்தின் விலை குறையாது!

கண்டுபிடிப்பது எப்படி?

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை இருக்கிறதா? தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கை போல்ட்டில் துரு உண்டா? பழைய இன்சூரன்ஸ் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மலிவு என்று சேமிப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு கண்ணைக் கசக்கிப் பயன் இல்லை!