காந்தமும் குருத்தணுவும்

சென்னைக்கு மேற்கே, திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த ஊர் அண்ணனூர். மின்தொடர் வண்டிகளைப் பேணும் பெரும் பணிமனை ஒன்று அங்கு உண்டு. ஓடிக் களைத்த வண்டிகள் அங்கு வந்து தங்கி, பழுது நீங்கி, மீண்டும் புறப்படுகின்றன. அவ்வண்டிகளை இயக்குவது யாது? மின்சாரம் என்று எவரும் விடை கூறுவர். அவ்விடை பாதி உண்மையே. கம்பியின் வழியே மின்னோட்டம் செல்லுங்கால், அதனைச் சுற்றிக் காந்தப் புலம் தோன்றுகின்றது. இதனை 1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆர்ஸ்டெட் கண்டறிந்தார். பொறியின் உருளையைச் சுழற்றி, மக்களைச் சுமந்த வண்டியை உந்துவது அப்புலத்தின் வலிமையே ஆகும். அதில் ஒரு சிறு கூறு வெளியே பரவி, வண்டியில் அமர்ந்திருப்பார் உடலையும் ஊடுருவிச் செல்கின்றது. அவரோ அதனை உணரார்.

காந்தம் இரும்பை ஈர்க்கும் என்பது சிறுவரும் அறிந்தது. உடலில் தைத்த இரும்பு முனையைக் காந்தக் கல்லால் வாங்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல் கூறுகின்றது. குருதியிலும் இரும்பு உண்டு. அங்ஙனமாயின், காந்தத்தின் அருகே சென்றவர் குருதி ஒரு பக்கமாக இழுக்கப்படாதோ? இவ்வையம் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர்க்கும் எழுந்தது. அவர் 1845ஆம் ஆண்டில் உலர்ந்த குருதியை ஆராய்ந்து, அது காந்தத்தால் ஈர்க்கப்படாமை கண்டு வியந்தார். குருதியின் செம்பொருளோடு பிணைந்து நிற்கும் இரும்பு, இரும்பாணியின் இயல்புடையதன்று. உயிர்வளி ஏற்ற குருதியைக் காந்தம் ஈர்ப்பதில்லை; மிகச் சிறிதளவு விலக்கவே செய்யும். இதனை 1936ஆம் ஆண்டில் பாலிங், கோரியல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அளந்து காட்டினர். மருத்துவ மனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் காந்தப் பொறி, நிலவுலகின் காந்தப் புலத்தைப்போல் முப்பதாயிரம் மடங்கிற்கு மேற்பட்ட வலிமையுடையது. அதனுள் படுத்தவர் குருதியும் தன் நெறி பிறழாது ஓடுகின்றது. ஆகவே, காந்தக் காப்பும் காந்தப் பாயும் குருதியிலுள்ள இரும்பை ஈர்த்து மூட்டு நோயைத் தீர்க்கும் என விற்பார் சொல்லை நம்பிப் பொருள் இழப்பார் நிலை இரங்கத்தக்கது.

எனினும், காந்தத்தால் உடலுக்கு யாதொரு விளைவும் இல்லையென்று துணிந்து கூறுதலும் பொருந்தாது. வாழையின் குருத்து விரிந்து இலையாவதைக் காண்கிறோம். அதுபோல, இன்னது ஆவேன் என்று இன்னும் உறுதிகொள்ளாது இளமையோடு நிற்கும் உயிரணுக்கள் நம் உடலில் உள்ளன. அவற்றைக் குருத்தணுக்கள் என்பர். எலும்பின் உள்ளே உள்ள மச்சையில் வாழும் ஒருவகைக் குருத்தணுவினின்றே குருதியணுக்கள் யாவும் பிறக்கின்றன. கனடா நாட்டு அறிஞர்களாகிய டில்லும் மக்கல்லக்கும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவை உண்மையில் உள்ளன என்பதற்குச் சான்றாயிற்று. அம்மச்சையிலேயே எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் வளரவல்ல வேறொரு வகையும் உண்டு.

எலும்பின் இயல்பு வியப்பிற்குரியது. அதனை அழுத்தினால் மெல்லிய மின்சாரம் தோன்றுகின்றது. இதனைச் சப்பானிய அறிஞர்களாகிய புக்காடாவும் யசுடாவும் 1957ஆம் ஆண்டில் நிறுவினர். மாறும் காந்தப் புலம் மின்சாரத்தை எழுப்பும் என்பது பாரடே 1831ஆம் ஆண்டிலேயே கண்ட உண்மை. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினர் மருத்துவர். முறிந்து நெடுநாள் கூடாதிருந்த எலும்பின்மீது கம்பிச் சுருளை வைத்து, விட்டுவிட்டுத் துடிக்கும் காந்தப் புலத்தைச் செலுத்தினர். இக்கருவிக்கு 1979ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. கையிற் கட்டும் காந்தத் துண்டின் புலம் மாறாது நிற்பது. இக்கருவியின் புலமோ கணந்தோறும் மாறுவது. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதக் குருத்தணுக்களையும் இத்தகைய புலத்தில் வைத்து ஆராய்ந்துள்ளனர். சிலர் ஆய்வில் அவை விரைந்து எலும்பணுவாயின. சிலர் ஆய்வில் மாற்றம் காணப்படவில்லை. புலத்தின் வலிமை, துடிப்பின் விரைவு, வைத்திருந்த காலம் ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுதலால், விளைவுகளை ஒப்பிடுதல் அரிதாகின்றது. தட்டில் நிகழ்வது உடலினுள்ளும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளுதற்கும் இல்லை.

குருத்தணுவைக் காந்தம் வளர்க்குமா என்பது இங்ஙனம் முடிவுறாதிருக்க, அதனைப் பிரித்தெடுத்துத் தருவதில் காந்தத்தின் பணி ஐயமற்றது. மச்சையில் உள்ள அணுக்களுள் குருதிக் குருத்தணுக்கள் மிகச் சிலவே. நெற்குவியலில் கலந்த சில தினைமணிகளைப் பொறுக்குவது போன்றது அவற்றைத் தேர்ந்தெடுத்தல். ஆயினும் அவற்றின் மேற்பரப்பில் தனித்த ஓர் அடையாளப் பொருள் உண்டு. அதனை மட்டும் பற்றும் புரதத்தோடு மிக நுண்ணிய இரும்புத் துகள்களைப் பிணைத்துக் கலவையில் இடுவர். ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே அத்துகளின் அளவு. பின்னர், காந்தத்திடையே வைத்த குழாயின் வழியே கலவையை ஓடவிடுவர். துகள் பற்றிய அணுக்கள் குழாயிலேயே தங்கும். ஏனையவை ஒழுகிப் போகும். காந்தத்தை அகற்றியபின் தங்கியவற்றைக் கழுவி எடுத்துக் கொள்வர். செருமானிய அறிஞர் மில்டெனியும் உடனுழைத்தோரும் இம்முறையை 1990ஆம் ஆண்டில் விளக்கினர். பிறர் ஒருவர் தந்த மச்சையை நோயாளிக்குச் செலுத்துங்கால், அவருடலைப் பகையென்று தாக்கும் அணுக்கள் உடன்செல்லாமல் தடுக்கவும் இம்முறை உதவுகின்றது.

அண்ணனூரைக் கடந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம் வழியே காட்பாடியை அடைகின்றது. அதனை அடுத்துள்ளது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு முதல் எலும்பு மச்சை மாற்று மருத்துவம் நடைபெற்று வருகின்றது. நடுவணரசின் துணையோடு 2005ஆம் ஆண்டில் குருத்தணு ஆய்வு மையமும் அங்கு அமைந்தது. சிறு காயமும் பெருந்துன்பமாகும் குருதி உறையாமை நோயால் கடிதின் வருந்திய ஐவர்க்கு, ஆலோக் ஸ்ரீவாஸ்தவா முதலிய மருத்துவர் அங்கே புதுமுறை மருத்துவம் செய்தனர். அவ்வைவரும் 22 முதல் 41 வயது வரையினர். அவரவர் உடலிலிருந்தே குருதிக் குருத்தணுக்களைப் பிரித்து, குறைந்திருந்த உறைபொருளை ஆக்கவல்ல மரபுக் கூற்றை அவற்றுள் புகுத்தி, மீண்டும் அவரவர்க்கே செலுத்தினர். இதன் விளைவு 2024ஆம் ஆண்டு திசம்பரில் வெளியாயிற்று. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 திங்கள் ஆகும். அக்காலம் முழுவதும் அவருள் ஒருவர்க்கேனும் நோயால் குருதி கசியவில்லை.