வண்டிச் சூடும் வாய்ச் சொல்லும்

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

வெயிலில் நிறுத்திய காரைக் குளுமையாக வைத்திருப்பது எப்படி? இக்கேள்வியை எங்கள் வகுப்பில் கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். என் தந்தையும் ஒரு விடை சொல்வார். ஆனால் அதை இம்மலரில் அப்படியே அச்சேற்ற ஆசிரியர் குழுவினர் சற்றுத் தயங்குவார்கள். அவர் முப்பது ஆண்டுகளாகச் சென்னையில் வாடகைக் கார் ஓட்டுபவர். பேசுவதும் அசல் சென்னைத் தமிழ். வீட்டில் நான் அவரை 'நைனா' என்றுதான் அழைப்பேன். கல்லூரிக்கு வந்தபின் 'எங்கப்பா' என்று மாற்றிக்கொண்டேன். ஏன் மாற்றினேன் என்பதற்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பு உண்டு.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை. கத்திரி வெயில். ஒரு திருமண மண்டபத்துக்குச் சவாரி வந்த தந்தையுடன் நானும் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு நடந்தவர், வெயிலில் நின்ற வேறொரு காரின் அருகே சட்டென நின்றார். பின் இருக்கையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தந்தை உள்ளே ஓடி வண்டி எண்ணை ஒலிபெருக்கியில் சொல்லச் செய்தார். பட்டு வேட்டியில் ஒருவர் நிதானமாக நடந்து வந்தார். "பத்து நிமிஷந்தான் ஆச்சு. கண்ணாடிய எறக்கித்தானே வச்சிருக்கேன்?" என்றார்.

"கஸ்மாலம்! புள்ளய உள்ள வச்சிப் பூட்டிட்டு எங்கய்யா போன?" என்று தந்தை கத்தினார்.

குழந்தையை வெளியே எடுத்தபோது தலைமுடி நெற்றியில் நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்ததும் அழுதது, நல்லவேளை, அழுதது. ஆனால் கூடியிருந்தோர் பேசியது குழந்தையைப் பற்றியன்று. "டிரைவர், நாகரிகமாப் பேசக் கத்துக்கோ" என்றார் பட்டு வேட்டிக்காரர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நானோ, அந்த மனிதரின் மகன் நானில்லை என்பதுபோலத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அன்று பேசப்பட்ட இரண்டில் எது தவறு என்பதை இயற்பியல் படிக்க வந்த பிறகே உணர்ந்தேன்.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. இஸ்திரிப் பெட்டி ஒன்றின் ஆற்றல் அது. அவ்வொளி கண்ணாடி வழியே எளிதில் உள்ளே புகுந்து இருக்கையையும் முன்பலகையையும் காய்ச்சுகிறது. அவை தம்மைத் தொட்ட காற்றைக் காய்ச்சுகின்றன. உள்ளிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடாததுதான் சூட்டுக்கு முழுக் காரணம் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909-இல் இதைச் சோதித்தார். இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றொன்றுக்குப் பாறை உப்பினாலான மூடி. பாறை உப்பு வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும். அப்படியிருந்தும் இரு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதே முதற்காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

அப்படியானால் ஒரு விரற்கடை இடைவெளி காற்றை வெளியேற்றாதா? 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை சராசரியாக 22 செல்சியஸ் பாகை ஏறியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்ததால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை! பெரிய முன்கண்ணாடி வழியே வந்து குவிவதைச் சிறு கீறல் வழியே வெளியேற்ற முடியுமா? பெரியவர் உடலைவிடக் குழந்தையின் உடல் விரைவாகச் சூடேறும் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் என்பது சிறு பொழுதன்று.

நிழலின் அருமைக்கும் கணக்கு உண்டு. அரிசோனாவில் 2018-இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் முன்பலகை 69 பாகையைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 48 பாகைதான். எனினும் நிழலில் நின்ற வண்டியின் உட்காற்றே 38 பாகை இருந்ததால், நிழலை நம்பியும் குழந்தையை விட்டுப் போகலாகாது.

இனி என் தந்தையின் விடை. "இப்ப கீற நெயலப் பாக்காத, அப்பால வர்ற நெயலப் பாரு." வண்டியை விடும்போது இருக்கும் நிழலைவிட, எடுக்க வரும்போது எங்கே நிழல் விழும் என்பதே முக்கியம். எத்தனை பட்டதாரிகளுக்கு இது தோன்றும்? முன்கண்ணாடிக்கு வெள்ளைத் துணியை வெளிப்புறமாகப் போர்த்துவார்; வெயிலைக் கண்ணாடிக்கு அப்பாலேயே தடுப்பதுதான் முறை. ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுத் திருப்பி வைப்பார். கை பிடிக்கும் பகுதி கீழே போய்விடும். திரும்பி வந்ததும் ஒரு பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கி, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறிபோல ஆட்டி அனலை வெளியே தள்ளுவார். அதன் பிறகே குளிர்சாதனம்.

நெயல் என்பது நிழல். அப்பால என்பது நம் பழந்தமிழ் 'அப்பால்' தான். மற்ற சொற்களோ? நூலகத்தில் அகராதிகளைப் புரட்டினேன். 'நைனா' தெலுங்கில் தந்தையைக் குறிக்கும் சொல். 'பேஜார்' பாரசீகம், சலிப்புற்ற நிலை. 'கலீஜ்' அரபியில் தடிப்பானது, முரடானது என்று பொருள்பட்டு, உருதுவில் அழுக்காகி நம்மிடம் வந்தது. 'பேமானி' என்பதில் உள்ள 'பே' பாரசீகத்தில் இன்மை, 'ஈமான்' அரபியில் நம்பிக்கை. ஆக, நம்பிக்கைத் துரோகம். எனக்கு மிகவும் பிடித்தது 'நாஷ்டா'. பாரசீகத்தில் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாதிருத்தல் என்று பொருள். இங்கே அது இட்லி தோசையாகிவிட்டது!

ஆர்க்காட்டு நவாபு 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்தார். அவருடன் வந்த படைவீரரும் எழுத்தரும் சமையற்காரரும் திருவல்லிக்கேணித் தெருக்களில் தமிழரோடும் தெலுங்கரோடும் கலந்து வாழ்ந்தனர். நாம் கொச்சை என்று ஒதுக்கும் பல சொற்கள் ஒரு காலத்தில் அரசவையில் உலவியவை.

நாம் மட்டும் என்ன பேசுகிறோம்? வகுப்பில் எதற்கெடுத்தாலும் 'கூல்' என்கிறோம். அது அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர்கள் பரப்பிய வழக்கு. மைல்ஸ் டேவிஸ் 1949, 1950-இல் பதிவு செய்த இசை, தலைப்பிலேயே அச்சொல்லைத் தாங்கி 1957-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. மனம் குளிர்ந்தது, கண் குளிரக் கண்டேன் என்று மகிழ்ச்சியைக் குளிர்ச்சியால் அளப்பதும், பொறாமையை வயிற்றெரிச்சல் என்பதும் வெயிலில் காய்ந்த நமக்கு நெடுநாள் வழக்கமாயிற்றே! ஒரு தெருப்பேச்சு ஆங்கிலத்தில் வந்தால் நாகரிகம், தந்தை வாயில் வந்தால் அநாகரிகமா?

கடைசியாகத் தேடிய சொல் 'கஸ்மாலம்'. அது வடமொழிக் 'கச்மலம்': மாசு, மனச்சோர்வு. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், போர்க்களத்தில் சோர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனைக் கண்ணன் கடிந்துகொள்ளும் இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. கண்ணன் அப்போது தேரோட்டி. அதனால்தான் திருவல்லிக்கேணிப் பெருமாளுக்குப் பார்த்தசாரதி என்று பெயர்.

சென்ற மாதம் அந்தக் கோயில் பக்கம் சவாரிக்குக் காத்திருந்தபோது தந்தையிடம் இதைச் சொன்னேன். மண்டபத்தில் தள்ளி நின்றதையும் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அவர் சற்று யோசித்தார்.

"அவரும் நம்ம லைன்தானேடா? டிரைவரு. ஏறி ஒக்காந்தவன் சொணங்கினா பேசத்தான் பேசுவாரு" என்றார். பிறகு, "கண்ணாடிய எறக்கு, அனல் போவட்டும்" என்றார்.

"சரி, நைனா" என்றேன்.